போட்டோகிராஃபி கிளப் போட்டிக்கு போட்டோ ரெடி பண்ணித் தர்ற மாடிக்கடை: 5க்கு 4 குடுக்கறேன்

முதல்லயே சொல்லிடறேன், கடை பேரு போடல, கடைக்கார அண்ணனே வேணாம்னுட்டாரு. "கல்யாண வேலையே முடிக்க முடியல மேடம், நீங்க எழுதி நாலு பேரு வந்து நின்னா நான் எங்க போவேன்"னு. சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட்ல இருந்து நடக்கற தூரம்தான், கீழ பாத்திரக்கடை, வாசல்ல ஒரு தட்டுவடை செட் வண்டி, சைடுல செங்குத்தா ஒரு மாடிப்படி, தேடறவங்க கண்டுபிடிச்சிருவீங்க. கல்யாண ஆல்பம் டிசைன் பண்ற இடம். ஆனா அண்ணன் பழைய கிளப்காரரு, ஃபிலிம் காலத்துல இருந்தே போட்டிக்கு அனுப்பிட்டு இருந்தவரு, அதனால ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் நம்மள மாதிரி ஆளுங்கள பக்கத்துல உக்கார வெச்சு ஃபைல் ரெடி பண்ணித் தர்றாரு. ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபா. எடிட் பண்ணித் தர்றாருன்னு நெனச்சு போகாதீங்க, எடிட் நாமதான் பண்ணிட்டுப் போகணும், அதுல இருக்கற தப்ப காமிச்சு திருத்தி ஃபைல போட்டிக்கு தயார் பண்றதுதான் அவரு வேலை.

நான் ஏன் போனேன்னா, போன நவம்பர்ல ஒரு அவமானம். ஏற்காட்டுல காப்பிப்பழம் பறிக்கற சீசன், ஒரு அக்கா ரெண்டு கை நெறைய பழத்த அள்ளி காமிச்சாங்க, கையெல்லாம் மண்ணு, நகத்துக்குள்ள கறுப்பு, அதுல பழம் மட்டும் குங்குமம் மாதிரி. எடுத்துட்டு வந்ததுல இருந்து ஒரு வாரம் கனவுதான், இந்த மாசம் ஃபர்ஸ்ட் நாமதான்னு. லேப்டாப்ல பாத்தா செவப்பு, போன்ல பாத்தா அதவிட செவப்பு. கிளப்ல ஹால் லைட்ட அணைச்சுட்டு ப்ரொஜெக்டர்ல போட்டாங்க பாருங்க, பழம் செங்கல் கலர்ல இருக்கு, அந்த அக்கா கை இருட்டுல பாதி கரைஞ்சு போச்சு. ஜட்ஜ் "நல்ல நேரத்துல எடுத்திருக்காங்க, ஆனா கலர் செத்துப் போயிருக்கு"ன்னு ஒரு வரி சொல்லிட்டு அடுத்ததுக்கு போயிட்டாரு. நான் மனசுக்குள்ள ப்ரொஜெக்டர திட்டிட்டே உக்காந்திருந்தேன், ஆனா எனக்கு அடுத்தாப்ல வந்த கோட்டை மாரியம்மன் பண்டிகை போட்டோ அதே செவுத்துல மஞ்சளும் செவப்புமா ஜொலிக்குது, அப்ப ப்ரொஜெக்டர் என்ன பண்ணும் பாவம்.

அதுக்கப்புறம் தெரிஞ்ச ஒரு ஸ்டுடியோல கேட்டேன், சாச்சுரேஷன ஏத்துங்க மேடம் சரியாயிடும்னாங்க. ஏத்தினேன். பழம் செவந்துச்சோ இல்லையோ அக்கா கை ஆரஞ்சு ஜூஸ்ல முக்கின மாதிரி ஆயிடுச்சு. அப்புறம்தான் கிளப்ல ஒரு பெரியவரு இந்த மாடிக்கடைய சொன்னாரு.

போயி பென் டிரைவ சொருகினதும் அண்ணன் போட்டோவ தொறக்கக்கூட இல்ல, ஃபோல்டர்ல ஃபைல் பேர பாத்துட்டே "கேமராவுல அடோபி ஆர்ஜிபி வெச்சிருக்கீங்களா மேடம்"ன்னாரு. கலர நம்பரா எழுதற ஒரு முறை அது, எஸ்ஆர்ஜிபின்னு இன்னொண்ணும் இருக்கு. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. எப்படிங்கண்ணா தெரியும்னா, டிஎஸ்சின்னு ஆரம்பிக்கற பேருக்கு முன்னாடி ஒரு அண்டர்ஸ்கோர் கோடு இருந்துச்சு பாருங்க, கேமரால அடோபி ஆர்ஜிபி செட் பண்ணா நிக்கான் அந்தக் கோட்ட முன்னாடி போட்டுடும், எஸ்ஆர்ஜிபில இருந்தா டிஎஸ்சிக்கு அப்புறம்தான் கோடு வரும். நாலு வருஷமா அந்த ஃபைல் பேர தெனமும் பாக்கறேன், கோடு எங்க இருக்குன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. எவனோ ஒரு வீடியோல அடோபி ஆர்ஜிபில கலர் நெறைய வரும்னு சொன்னான்னு மாத்தி வெச்சது, மறந்தே போச்சு.

கலர் நெறைய வரும்ங்கறது பொய் இல்லயாம். அவரு சொன்ன விதம் எனக்கு பிடிச்சுது, அப்படியே எழுதறேன். "படி தெரியும்ல? உங்க வீட்ல பெரிய படி, கிளப்ல சின்ன படி. நீங்க உங்க பெரிய படியால அளந்துட்டு முக்கா படின்னு சீட்டு எழுதி அனுப்பறீங்க, அங்க இருக்கறவன் சீட்டத்தான் பாப்பான், முக்கா படிய அவனோட சின்ன படியால அளந்து கொட்டுவான். கொறையுமா கொறையாதா?" கம்ப்யூட்டர்ல அந்த சீட்டுங்கறது நம்பர்தான். எஸ்ஆர்ஜிபில 255ன்னு எழுதற சுத்த செவப்ப அடோபில எழுதுனா 219 தான், ஏன்னா படி பெருசு. கிளப்ல ஓடற சாதா ஸ்லைடுஷோ ப்ரோக்ராம் எந்த படின்னு பாக்காம 219ஐ எடுத்து அப்படியே காட்டிடுச்சு, என் பழம் செங்கல் ஆயிடுச்சு. எஸ்ஆர்ஜிபிங்கறது 1996ல எச்பியும் மைக்ரோசாப்ட்டும் சேர்ந்து அப்ப இருந்த குண்டு மானிட்டருக்காக போட்ட கணக்கு, பழசுதான், சின்னதுதான், ஆனா ஊரெல்லாம் இருக்கற படி அதுதான், அதனாலதான் போட்டி ரூல்ல எல்லாம் எஸ்ஆர்ஜிபின்னு போடறாங்க. நான் அந்த வரிய படிச்சுட்டு ஏதோ கம்பெனி பேருன்னு தாண்டிப் போயிருக்கேன்.

இதுல இன்னொரு பள்ளம் இருக்கு, நல்லவேளை நான் விழறதுக்கு முன்னாடி காமிச்சாரு. போட்டோஷாப்ல எடிட் மெனுவுல அசைன் ப்ரொஃபைல், கன்வர்ட் டு ப்ரொஃபைல்னு ரெண்டு ஒண்ணுக்கு கீழ ஒண்ணா இருக்கும். அசைன் பண்ணா சீட்டுல படி பேரு மட்டும் மாறும், நம்பர் அப்படியே கெடக்கும், கலர் செத்தது செத்ததுதான். கன்வர்ட் பண்ணாத்தான் திருப்பி அளந்து புது நம்பர் போடும். ரெண்டையும் பக்கத்து பக்கத்துல பண்ணிக் காமிச்சாரு, கன்வர்ட் பண்ண உடனே குங்குமம் திரும்பி வந்துச்சு, எனக்கு அழுகையே வந்துருச்சு, ஒரு போட்டில போட்டத மறுபடி போட முடியாதுங்கற ரூல் வேற. சாச்சுரேஷன தொடவே இல்ல.

கை இருட்டானது வேற கதை. என் லேப்டாப்பையும் கொண்டு போயிருந்தேன், அதுல ஸ்பைடர்னு ஒரு கருவிய, எலி மாதிரி ஒயரோட இருக்கும், ஸ்க்ரீன் மேல தொங்கவிட்டு அளந்தாரு. 280ன்னு காட்டுச்சு, ஸ்க்ரீன் வெளிச்சத்த அளக்கற கேண்டலா கணக்கு. அவரு மானிட்டர் 120ல வெச்சிருக்காரு. நான் எப்பவும் பிரைட்னஸ் ஃபுல்லுல வெச்சு எடிட் பண்ற ஆளு, ஸ்க்ரீனே டியூப்லைட் மாதிரி எரியும்போது போட்டோ வெளிச்சமாத்தான் தெரியும், அப்ப கை தானா ஷேடோவ கொறைச்சுகிட்டே போகும். அதே ஃபைல் ஹால்ல செவுத்துல விழும்போது அந்த டியூப்லைட் இல்ல. பிரைட்னஸ பாதிக்கும் கீழ எறக்கிட்டு ஒரு நிமிஷம் கண்ணு பழகட்டும்னாரு, பழகினப்புறம் பாத்தா என் பழைய எடிட் எல்லாம் கரி அடுப்புல எடுத்த மாதிரி இருக்கு. இந்த அளக்கற வேலைக்கு தனியா காசு வாங்கல, ஸ்க்ரீன் கலர சரி பண்ற ப்ரொஃபைல் ஃபைலும் லேப்டாப்புலயே போட்டுக் குடுத்தாரு.

அப்புறம் சைஸ். எங்க கிளப்ல 1920க்கு 1080 பிக்சலுக்குள்ள, 2 எம்பிக்குள்ள ஜேபெக். நான் எப்பவும் லாங் எட்ஜ், அதான் நீளமான பக்கம், 1920ன்னு போட்டு எக்ஸ்போர்ட் பண்ணுவேன், என் கேமரா போட்டோ 3க்கு 2, அப்ப 1920க்கு 1280 வரும், உயரம் 200 பிக்சல் ஜாஸ்தி. கிளப்ல யாரோ பொறுமையா அத சின்னது பண்ணித்தான் போட்டிருப்பாங்க, அப்படி பண்ணும்போது ஷார்ப்னெஸும் போயிருக்கும். சரியான கணக்கு 1620க்கு 1080. செங்குத்து போட்டோன்னா இன்னும் கொடுமை, 720க்கு 1080 தான், செவுத்துல சன்னமா ஒரு பட்டை மாதிரி நிக்கும், அதனால கிளப் ஸ்லைடுக்கு செங்குத்து போட்டோ எடுக்கறதையே கொறச்சுட்டேன். லைட்ரூம்ங்கற எடிட்டிங் ப்ரோக்ராம்ல எக்ஸ்போர்ட் பண்ணும்போது டைமென்ஷன்ஸ்னு இருக்கறத எடுக்காம விட்த் அண்ட் ஹைட்ட எடுத்து 1920, 1080 போட்டா எந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பெட்டிக்குள்ள அடங்கும். ரெசல்யூஷன் 72ஆ 300ஆன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல என்ன வேணா போட்டுக்கோங்க, உங்க வயச கூட போடுங்கன்னாரு, செவுத்துல போடறதுக்கு அது எதுக்கும் ஆகாது, பிரிண்ட்டுக்குத்தான்.

இதெல்லாம் கேக்க சின்ன விஷயம், ஆனா 2.4 கோடி பிக்சல்ல எடுத்த போட்டோவ பதினேழரை லட்சத்துக்கு சுருக்கறோம், அந்த சுருக்கறதுலதான் பாதி போட்டோ சாகுதுன்னு எனக்கு ஜவ்வரிசி போட்டோல புரிஞ்சுது.

நான் கொண்டு போனதுல எனக்கு ரொம்ப புடிச்சது அதான். சேகோ ஃபேக்டரி களத்துல காலைல எட்டு மணி வெயில்ல ஒரு அம்மா ஜவ்வரிசிய காயப்போட்டு பலகையால இழுத்துட்டு இருக்காங்க, வெள்ளை களம், வெள்ளை ஜவ்வரிசி, தலைல வெள்ளைத் துண்டு, இழுத்த கோடு மட்டும் அலை அலையா. நம்ம ஊரு குச்சிக்கெழங்குல இருந்து வர்றது, பாயாசத்துல போட்டு சாப்பிடறோம், களத்துல ஒரு தடவ நின்னு பாருங்க, கண்ணு கூசும். லைட்ரூம்ல அண்ணன் ஜே கீய அமுக்கினாரு, போட்டோ மேல அம்மை போட்ட மாதிரி செவப்பு திட்டு திட்டா வந்துச்சு. வெள்ளை உச்சில முட்டி விவரம் அழிஞ்சு போன எடம் எல்லாம் அது. வெள்ளையா காட்டணும்னு நான் எக்ஸ்போஷர தூக்கியிருந்தேன், அவரு கேட்டது ஒரே கேள்வி: "ஜவ்வரிசி வெள்ளையா தெரியணுமா, மணி மணியா தெரியணுமா?" கேமரா சென்சார்ல பதிஞ்சத அப்படியே வெச்சிருக்கற ரா ஃபைல் இருந்ததால பொழச்சேன். ஹைலைட்ட எறக்கி வெள்ளைய 255க்கு முட்ட விடாம 245 பக்கத்துல நிறுத்தினாரு, அவ்வளவுதான், ஒவ்வொரு மணிக்கும் கீழ கடுகளவு நெழல் வந்துருச்சு. வெள்ளையாவும்தான் இருக்கு, என்ன மாயமோ.

ஷார்ப்பன் பண்றது கடைசில. நான் பெரிய ஃபைல்லயே நல்லா தீட்டி வெச்சுட்டு அப்புறம் சுருக்குவேன், அது தப்பாம், சுருக்கி 1620 ஆனப்புறம் நூறு பர்சன்ட்ல வெச்சு பாத்துகிட்டே கொஞ்சமா போடணும். அவரு போட்டது ரொம்ப கம்மி, எனக்கு பத்தல, இன்னும் போடுங்கண்ணான்னேன். இன்னும் போட்டுக் காமிச்சாரு, அந்த அம்மா கை ஓரத்துல வெள்ளைக் கோடு எழும்பிடுச்சு. சரி விடுங்கண்ணான்னுட்டேன். சேவ் பண்ணா ஃபைல் 2.3 எம்பி. குவாலிட்டிய 100ல இருந்து 90க்கு எறக்கினதும் ஒண்ணே கால் எம்பிக்கு வந்துருச்சு, ரெண்டையும் மாத்தி மாத்தி போட்டாரு, எது எதுன்னு என்னால சொல்ல முடியல. மணி மணியா இருக்கற போட்டோ எடம் ஜாஸ்தி பிடிக்கும், பனி போட்டோ பாருங்க அதே சைஸ் 400 கேபி கூட வராதுன்னாரு, வரல.

அந்த பனி போட்டோ ஏற்காடு ரோட்ல, 20 கொண்டை ஊசில பாதிக்கு மேல ஏறினப்புறம், சில்வர் ஓக் மரம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வெளுத்துகிட்டே போகும்ல அது. இதுல ப்ராப்ளம் வேற, வானம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையா பிரிஞ்சிருந்துச்சு. ஒரு தடவ ஜேபெக்கா சேவ் பண்ணி அதையே தொறந்து தொறந்து எடிட் பண்ணதோட பலன். ராவுல இருந்து, கலர இன்னும் நுணுக்கமா பிரிக்கற 16 பிட்ல மறுபடி பண்ணி, கடைசில ஃபிலிம்ல வர்ற பொடி புள்ளி மாதிரி இத்தனூண்டு க்ரெயின் தூவுனாரு, பட்டை மறைஞ்சுது. பனிக்கு போயி க்ரெயினான்னு எனக்கு இன்னும் முழு சம்மதம் இல்ல, ஆனா செவுத்துல தெரியல.

சண்டை வந்தது நீர்க்காகத்துக்குத்தான். மூக்கனேரில எடுத்தது, றெக்கைய விரிச்சு காய வெச்சுகிட்டு உக்காந்திருக்கு, ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மெதக்குது. இத எடுத்துருங்கண்ணா ரெண்டு செகண்ட் வேலைன்னேன். மாட்டேன்னுட்டாரு. எந்த செக்ஷனுக்கு அனுப்பறீங்க, நேச்சரா, அப்ப தொடக்கூடாதுன்னாரு. எங்க கிளப் நேச்சருக்கு பிஎஸ்ஏ, எஃப்ஐஏபின்னு ரெண்டு பெரிய போட்டோகிராஃபி அமைப்பு வெச்சிருக்கற விளக்கத்தத்தான் எடுத்துக்குது, அதுப்படி சென்சார் தூசிய எடுக்கலாம், புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸ கொறைக்கலாம், க்ராப் பண்ணலாம், ஆனா போட்டோல இருந்த ஒரு பொருள அழிக்கறதோ சேக்கறதோ ஆகாது. க்ராப் பண்ணா றெக்கை போயிடும். அப்ப எந்த விஷயமும் போடலாம்ங்கற கலர் ஓப்பன் செக்ஷன்ல போடுங்க, அங்க பாட்டில எடுத்துக்கலாம், இல்ல அடுத்த ஞாயித்துக்கிழமை வெள்ளன போயி மறுபடி எடுங்கன்னாரு. என் காசு, என் போட்டோ, ரெண்டு செகண்ட் வேலை, எனக்கு கோவம்தான். ஆனா ரா ஃபைல கேட்டிருந்தாங்கன்னா மானம் போயிருக்கும்னு வீட்டுக்கு வந்து யோசிச்சப்ப தோணுச்சு. மோனோ, அதான் கறுப்பு வெள்ளை, செக்ஷன்லயும் இப்படி ஒண்ணு இருக்கு, மொத்தமா ஒரே டோன் குடுத்து பழுப்பா பண்ணலாம், ஆனா கறுப்பு வெள்ளைல பூ மட்டும் செவப்புன்னு விட்டா அது கலர் செக்ஷன்தான். என் ஃப்ரெண்டு ஒருத்தி போன வருஷம் அதுலயே வெளிய போனா.

இப்ப ஏன் ஒரு ஸ்டார் கொறச்சேன்னு சொல்றேன். அண்ணன் காபி குடிக்க எழுந்து போனப்ப பக்கத்து சிஸ்டத்துல இருக்கற பையன் உதவி பண்றேன்னு ஜவ்வரிசி அம்மா மொகத்த எடுத்து வழவழன்னு தேய்ச்சு ரெண்டு ஷேடு வெளுப்பாக்கி விட்டுட்டான். தப்பா நெனச்சு பண்ணல, நாள் பூரா கல்யாணப்பொண்ணுங்களுக்கு அதையே பண்ணிட்டு இருக்கற கை, தானா போயிடுது. ஆனா வெயில்ல நின்னு கறுத்த மொகம் அது, களம் வெள்ளையா இருக்கறதே அந்த மொகத்தாலதான் தெரியுது, அத வெளுத்துட்டா என்ன மிச்சம்? நான் கவனிக்காம இருந்திருந்தா அப்படியே போயிருக்கும். அண்ணன் வந்து திட்டி பழசுக்கு கொண்டு வந்தாரு, இருந்தாலும் உங்க ஃபைல நீங்க கண்ண எடுக்காம பாத்துக்கோங்க.

அப்புறம் மாடிப்படி, முட்டி வலி இருக்கறவங்க யோசிச்சுக்கோங்க, கைப்பிடி பாதிலயே முடிஞ்சிடுது. ஏசி ஓடல. பாத்ரூம் இல்ல, அக்கா, அதான் அவரு வீட்டுக்காரம்மா, ஆல்பம் ஒட்டிகிட்டு அங்கயே இருக்காங்க, அவங்ககிட்ட கேட்டா பக்கத்து வீட்டுல சொல்லி விடறாங்க, பொம்பளைங்க தனியா போனாலும் அவங்க இருக்கறதால சங்கடம் இல்ல. ஒரு மணி நேரத்துல இருபது நிமிஷம் டார்க்ரூம் காலத்து கதைக்கு போயிடும், கேக்க நல்லாதான் இருக்கும், ஆனா மீட்டர் 300 ரூபாய்க்கு ஓடிட்டு இருக்கேன்னு மனசு அடிச்சுக்கும். கடைசில பாத்தா ஒண்ணே முக்கா மணி நேரம் உக்காந்ததுக்கு ஒரு மணி நேரக் காசுதான் வாங்கினாரு, அதனால இந்த கொறைய பாதி வாபஸ் வாங்கிக்கறேன்.

ஃபைல வாட்ஸப்ல அனுப்பச் சொல்லி கேட்டேன், அதுக்கும் திட்டு. சாதாரணமா அனுப்பினா அது தன் இஷ்டத்துக்கு நசுக்கிடும், இவ்வளவு பண்ணதும் வீண், டாக்குமெண்ட்டா அனுப்பு இல்ல பென் டிரைவ்ல எடுத்துட்டு போன்னாரு. மேடம் எப்ப போயி வா போன்னு ஆச்சுன்னு கவனிக்கல, தங்கச்சின்னுதான் கடைசில கூப்ட்டாரு.

போட்டி அன்னிக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ஜவ்வரிசி 30க்கு 22 வாங்குச்சு, ப்ரைஸ் இல்ல. பனி போட்டோவுக்கு ஜட்ஜ் "அமைதியா இருக்கு, ஆனா நின்னு பாக்க ஒண்ணும் இல்லயே"ன்னுட்டாரு, அது சரிதான், எனக்கே தெரியும். நீர்க்காகம் அனுப்பல. ஆனா லைட்ட அணைச்சு என் போட்டோ செவுத்துல வந்தப்ப, வீட்ல என்ன பாத்தேனோ அதே வந்துச்சு, களத்துல கோடு கோடா, மணி மணியா, அந்த அம்மா மொகம் அதே கறுப்புல. பின்னாடி சீட்ல யாரோ "எந்த ஃபேக்டரிங்க இது"ன்னு கேட்டாங்க. போன நவம்பர்ல என் போட்டோவ பாத்து யாரும் எதுவும் கேக்கல.

போறவங்களுக்கு: முகூர்த்த மாசத்துல போகாதீங்க, ஞாயித்துக்கிழமையும் ஆளு மண்டபத்துலதான் இருப்பாரு. ஆடில கல்யாணம் இல்ல, வார நாள்லயே சும்மாதான் உக்காந்திருப்பாரு, ஆனா கோட்டை மாரியம்மன் பண்டிகை கூட்டத்துல அந்தப் பக்கம் வண்டி நகராது, ஸ்கூட்டிய தூரமா விட்டுட்டு நடந்துருங்க. ரா ஃபைல கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, போட்டி ரூல் பேப்பரையும் பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, அவரு மொதல்ல அதத்தான் கேப்பாரு. கீழ தட்டுவடை செட் சாப்ட்டுட்டு மேல போறதா இருந்தா கைய நல்லா கழுவிட்டுப் போங்க, கார சட்னி கையோட மானிட்டர்ல வெரல வெச்சு இங்கண்ணா இங்கன்னு காமிச்சா மூஞ்சி அப்படியே மாறிடுது, நான் வெச்சேன்.